சரிவில் நட்ட கொடிகள்

நாற்பதை நெருங்கும் ஓர் ஆண், உடம்போடு ஒட்டிய அரைக்களிசானும் கிளிப்பச்சைச் சட்டையும் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் எங்கள் குடியிருப்பில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் காதுபடவே பேசினார்கள். "என்னா தம்பி, களிசான வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே கேட்டார். நான் பண்டாரவளை ரயில் நிலையத்தில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். வாரம் முழுக்க மூன்று சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சக்கரம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். எனக்கே சரியான பதில் தெரியாததால் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விடுவேன்.

சைக்கிள் புதிது அல்ல. எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தேய்ந்துபோனது. அகலமான டயர், முன்பக்கம் அமுங்கி எழும்பும் கால்கள், மலையில் ஏறுவதற்கென்றே செய்தது. அதை எனக்கு வாங்கிக்கொடுத்து, பிறகு என்னைக் குழுவிலும் சேர்த்துக்கொண்டவர் பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். சீனி வியாதிக்காக டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். அவர் நடப்பதற்கு வெட்கப்பட்டுச் சைக்கிள் ஏறினார். அவருடைய தொந்தி இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் மலை ஏற்றத்தில் அவரைப் பிடிப்பது லேசில்லை. எங்களோடு பதுளையிலிருந்து ஒரு டீச்சரும், வங்கியில் வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவரும் வருவார்கள். வேறு யாராவது வருவதும் போவதுமாக இருப்பார்கள், நாங்கள் நால்வர் மட்டும் தப்பாமல் வருவோம்.

எங்கள் சவாரியில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் எதைக் கண்டாலும் சத்தம் போட்டுச் சொல்வார். "குழி!" என்பார். அடுத்தவர் அதைத் தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வார். "கல்லு!" "நாய்!" "பஸ்ஸு!" இப்படி ஒவ்வொரு சொல்லும் கடைசி ஆள் வரை கைமாறி வரும். ஹப்புத்தளைப் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்சக்கரமே கண்ணுக்குத் தெரியாது. அப்போது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவோம். கடைசி ஆள் எப்போதும் நான்தான். வேகமில்லாதவன் என்பதுதான் காரணம். எனக்குப் பின்னால் யாருமில்லை என்றாலும் பழக்கதோஷத்தில் நானும் அந்தச் சொல்லை ஒருமுறை திருப்பிச் சொல்வேன். டீச்சர் அதற்காக என்னைக் கேலி செய்வார். "யாருக்கு அண்ணே சொல்றீங்க, பேய்க்கா?"

அம்மாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தவுடன், தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல், அம்மா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"அங்கிட்டுப் போனியா?"

"இல்லம்மா. எல்லப் பக்கம் போனோம்."

"அங்கிட்டுப் போனா பாத்துட்டு வா" என்பார். அதோடு உள்ளே போய்விடுவார்.

அங்கிட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் முன்பு இருந்த டிவிஷன். ஹல்துமுல்லையைத் தாண்டிக் கொஸ்லந்தைக்குப் போகும் பாதையிலிருந்து மேலே ஏறினால் வரும். மீரியபெத்தை மண்சரிவு என்றால் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்களுடையது வேறொரு மழையில், வேறொரு மலையில் வந்தது. சின்னது. ஒரே ஒரு லயத்தின் மேல், ஒரே கூரையின் கீழிருந்த வரிசை வீடுகளின் மேல், மலை இறங்கியது. அம்மா பெரட்டுக்குப் போயிருந்தார், அதாவது காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கும் இடத்துக்கு. நான் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். லயத்தில் எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தங்கச்சி மட்டும் இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மண்ணைத் தோண்டினார்கள். சுற்றிவரப் பிளாஸ்டிக் நாடாப் பட்டி கட்டி, கொடி நட்டு, விசில் ஊதி, இயந்திரம் கொண்டுவந்து தோண்டினார்கள். அந்த லயத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். தங்கச்சி கிடைக்கவில்லை. மறுபடியும் மழை வந்தது, மலை மறுபடியும் அசைகிறது என்று சொல்லித் தேடுவதை நிறுத்தினார்கள். அந்த நாளில் அம்மா அங்கிருந்து வந்தவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் அங்கே போய் விளக்கேற்றிவிட்டு வருவார்கள். அம்மா மட்டும் வீட்டில் இருப்பார்.

கருமாதியும் செய்யவில்லை. சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். உடம்பு கிடைக்காவிட்டால் புல்லில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்று பூசாரியையே கூட்டி வந்தார்கள். அம்மா அவருக்கு ப்ளேன்டீ கொடுத்தார், குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார், பிறகு சொன்னார்: "சாமி, பாக்காத பொணத்துக்கு நான் எதுக்கு அழுவணும்? கண்ணுல காட்டட்டும், அன்னைக்கு அழுவுறேன்." எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவின் படத்துக்கு மாலை இருக்கிறது. பக்கத்தில் தங்கச்சியின் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. அவள் வெளியே போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

இதில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா மேல் கோபம். செத்துப்போன பிள்ளையைச் சாகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறார் என்று கோபம். வீட்டில் ஒரு மூலையில் அவளுடைய துணிகள் மடித்தபடி இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அம்மா அவற்றை வெயிலில் போட்டு எடுப்பார். நீலச் சுடிதார் ஒன்று, ஒருமுறைகூட உடுத்தாதது. என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "நான் பாக்காத நாத்தனாரோட ஒரே வீட்டுல இருக்கேங்க. சில நேரம் கதவத் தொறந்து வச்சிட்டு மாமி எட்டிப் பாக்குறப்போ எனக்கும் பாக்கணும் போல இருக்கு." எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சைக்கிள் ஓட்டுவதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வேறு எந்த நினைவும் வராது. இறக்கத்தில் வேறு எதையும் நினைத்தால் பல்லை எண்ணிப் பொறுக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என் தலைக்குள் யாருமில்லாமல் இருந்தது.

ஆனால் அம்மா அதற்குள்ளும் வந்துவிட்டார். சவாரிக்குக் கிளம்பும்போது தேங்காய் ரொட்டி சுட்டுச் சம்பலோடு கட்டிக் கொடுப்பார். எப்போதும் எனக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக ஒன்று தனித்தாளில் சுற்றி இருக்கும். முதல்முறை கேட்டேன். "வழியில யாராச்சும் பசியோட வந்தா குடு" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. ஹப்புத்தளையில் ரயில் பாதையோரம் உட்கார்ந்து நாங்கள் சாப்பிடும்போது நானா என் பைக்குள் கையை விட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது யாருக்குத் தம்பி?"

"யாருக்கும் இல்ல நானா. சாப்புடுங்க."

"அப்ப ஒங்கட அம்மா எனக்குத்தான் குடுத்திருக்கா" என்று சொல்லி இரண்டே வாயில் முடித்தார். அவருடைய மீசையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் திறந்து பார்த்தார். வெறும் தாள் மட்டும் இருந்தது. அம்மாவின் முகம் அன்று முழுக்கத் தெளிவாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

போட்டிக் காலம் அந்த வருஷம் காற்று மாதங்களில் தொடங்கியது. மலைச் சைக்கிள் போட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் கூட்டம் வந்து, ஏதாவது ஒரு தோட்டத்தில் அனுமதி வாங்கி, ஒற்றையடிப் பாதைகளைத் தொடுத்து ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். முதல் போட்டி பதுளைக்கு மேலே டர்பன்டைன் காட்டில், அதாவது பைன் மரக் காட்டில். காய்ந்த ஊசி இலைகளின் மேல் பிரேக் பிடித்தேன். அங்கே பிரேக் பிடிக்கக் கூடாது என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது. முழங்கையைத் தேய்த்துக்கொண்டு கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். கடைசி ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனதால் எனக்கு அந்த மரியாதை கிடைத்தது. இரண்டாவது போட்டி நமுனுகுல மலையடியில், தேயிலைக்கு நடுவே. அங்கே நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். தேயிலை மலையில் தண்ணீர் எந்தப் பக்கம் வெட்டி விட்டிருப்பார்கள், எந்தப் படியில் கல் ஆடும் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே காலுக்குத் தெரியும். கொழும்புப் பையன்கள் விலை உயர்ந்த சைக்கிள்களோடு தண்ணீர் வெட்டிவிட்ட கானுக்குள் விழுந்து எழும்ப, நான் நடுவில் வந்து சேர்ந்தேன். நானா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் போட்டிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹல்துமுல்லைப் பக்கம் போனோம். அந்தப் பக்கம் குழு போவது அதுவே முதல் தடவை. நல்ல பனி. நானா முன்னால், நான் வழக்கம்போல் கடைசியில். பழைய வண்டிப் பாதையில் திரும்பியபோது "கல்லு!" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. வங்கி நண்பர் சொன்னார், டீச்சர் சொன்னார், நானும் சொன்னேன். எனக்குப் பின்னால் யாரோ "கல்லு" என்றார்கள்.

பெண் குரல். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, சும்மா திருப்பிச் சொன்னது போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண்மண் தெரியாமல் மிதித்து டீச்சரின் பின்சக்கரத்தில் போய் மோதினேன். இருவரும் விழுந்தோம். வங்கி நண்பர் சிரித்துக்கொண்டே விளக்கினார். மலை வெட்டுண்ட இடத்தில் சத்தம் திரும்பி வருமாம். அவர் வாயைக் குவித்துக் கூவிக் காட்டினார். ஒன்றும் திரும்பி வரவில்லை. டீச்சரும் கூவினார். பனி மட்டும்தான் இருந்தது. நான் கூவிப் பார்க்கவில்லை. எங்கள் டிவிஷன் அந்தப் பாதைக்கு நேர் மேலே என்பதை அவர்களிடம் அன்று சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "அங்கிட்டுப் போனியா?"

"போனேன்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி" என்றார்.

அந்த வாரமே கடைசிப் போட்டியின் பாதை என் போனுக்கு வந்தது. கொழும்பு ஏற்பாட்டாளர் தம்பி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். ஹல்துமுல்லைக்கு அப்பால், தேயிலை இல்லாத பச்சைச் சரிவு ஒன்றின் குறுக்கே அந்தக் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது. "இவ்வளவு அருமையான இறக்கம் நாட்டிலேயே இல்லை" என்று குறிப்பும் எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கினேன். கோடு எங்கள் லயத்தின் மேல் போனது.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்ல பிள்ளை, பதறிப்போய்விட்டார். போட்டியையே வேறிடத்துக்கு மாற்றுகிறேன் என்றார். எங்கள் தோட்டத்துத் தலைவரிடம் பேசச் சொன்னேன். தலைவர் அந்த மண்ணில் தன் அண்ணனையே தோண்டி எடுத்தவர். அவர் வேறு மாதிரிச் சொன்னார்: "லயம் இருந்த எடத்துல ஏறாதீங்க. ஓரத்துப் பழைய ரோட்டுல போங்க. ஆள் நடமாட்டம் இருக்கட்டும்யா. சுடுகாட்டுக்காச்சும் ஆளுக வருது, அந்த எடத்துக்கு யாரும் வாறதில்ல." அப்படியே முடிவானது. மண் இறங்கிய சரிவுக்குள் ஒருவரும் தவறிப் போய்விடாதபடி நீளத்துக்குப் பட்டி கட்டி, திருப்பத்துக்குத் திருப்பம் கொடி நட வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னார்.

சனிக்கிழமை நாங்கள்தான் அந்த வேலையைச் செய்தோம். மானாப்புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எது எங்கே இருந்தது என்று சொல்லவே முடியாது. கோயில் பக்கத்து வாகை மரம் மட்டும் நின்றது, அதை வைத்து மற்றதையெல்லாம் மனதில் அளந்தேன். இது கங்காணி வீடு. இது தண்ணீர்ப் பீலி. இது எங்கள் வாசல். நானாவிடம் இப்போது சொன்னேன். அவர் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கையேந்தி நின்றார். பிறகு பட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கைகால் எல்லாம் செம்மண்ணாக வீட்டுக்கு வந்தேன். அம்மா கையைப் பார்த்தார்.

"என்னா வேல பாத்த?"

"பட்டி கட்டுனோம்மா. கொடி நட்டோம். நாளைக்கு நெறைய ஆளுக வருவாங்க."

"எங்க?"

"நம்ம பழைய எடத்துல."

போட்டி என்ற சொல்லை அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தேன். நான் சைக்கிள் போட்டிக்குப் போவது தெரிந்ததுதானே? அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். "எத்தன பேரு?" என்று கேட்டார். "நூறு பேருக்கும் கூடத்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். அன்றிரவு அம்மா நன்றாகச் சாப்பிட்டார் என்று மனைவி சொன்னாள். நாளைக்கு அம்மாவும் வருகிறாராம், கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அந்த மண்ணை மிதிக்கப் போகிறார், அதுவும் நான் ஓட்டுவதைப் பார்க்க!

காலையில் நான் நானாவின் வேனில் முதலே போய்விட்டேன். காற்று பலமாக இருந்தது, பனி இல்லை. பாதை முழுவதும் கொடிகள் படபடத்தன. ஓர் அம்புலன்ஸ் வந்து நின்றது. திருப்பங்களில் மஞ்சள் அங்கி போட்ட பையன்கள் விசிலோடு நின்றார்கள். சேற்றுக்குப் பழகியவர்கள் எல்லோரும் கண்ணாடியும் தலைக்கவசமுமாக முகம் தெரியாமல் வரிசையில் நின்றோம். பல சுற்றுகள் ஓட வேண்டும்.

முதல் சுற்றில் சரிவின் ஓரத்துப் பழைய ரோட்டில் இறங்கியபோது அவர்களைக் கண்டேன். மனைவி பட்டியருகே நின்று கையை ஆட்டினாள். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அம்மா என்னைப் பார்க்கவில்லை. விசில் வைத்திருந்த சிங்களப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். கடந்து போகிற வேகத்தில் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"எந்த எடத்துல தோண்டுறீங்க தம்பி?"

கீழே ஓடையைத் தாண்டி, மறுபக்க ஏற்றத்தில் பாதி ஏறும்வரை அந்தச் சொல் எனக்குள் விளங்கவில்லை. விளங்கியபோது கால் நின்றுவிட்டது. பட்டி. கொடி. விசில். அம்புலன்ஸ். நூறு பேர். நான் ஒவ்வொன்றையும் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். அம்மா கடைசியாக அங்கே பார்த்ததும் அதே பட்டி, அதே கொடிதான். இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் தேடுகிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

திரும்பிப் போக நினைத்தேன். முடியாது. ஒற்றையடிப் பாதை, மேலேயிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எதிரே போனால் யாராவது சாவார்கள். அம்மாவிடம் போய்ச் சேர எனக்கு ஒரே வழிதான் இருந்தது. வட்டத்தை முழுதாகச் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து மறுபடியும் இறங்க வேண்டும். மிதித்தேன். என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. எனக்கு முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். வங்கி நண்பரைத் தாண்டியபோது அவர் "சபாஷ்!" என்று கத்தினார். நானா பாதையோரம் நின்று என் பேரைச் சொல்லிக் கைதட்டினார். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். கண்ணாடிக்குள் கண்ணீரும் வெளியே சேறும், பாதை சரியாகத் தெரியவில்லை.

நான் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அங்கே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். விசில் பையனுக்குத் தமிழ் தெரியாது. அம்மா மறுபடி மறுபடி கேட்டதும் இவளுக்குத்தான் விளங்கியது. வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டாள்: "மாமி, இது சைக்கிள் போட்டி. யாரும் தேடல மாமி. ஒங்க மகன்தான் ஓட்டுறாரு." அம்மா அழவில்லையாம், திட்டவுமில்லையாம். பையைத் திறந்து நீலச் சுடிதாரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாராம். அன்றைக்கு மண்ணில் கிடைத்தவர்களை எல்லாம் பெட்சீட்டில் சுற்றி வரிசையாகப் போட்டிருந்தார்கள் என்றும், மகளையும் அப்படிப் போட்டுவிடக் கூடாதே என்று எடுத்து வந்ததாகவும் சொன்னாராம். பிறகு பட்டிக்குக் கீழே குனிந்து சரிவுக்குள் போய், வாகை மரத்தைப் பார்த்து, நாலைந்து அடி தள்ளி, மண்ணில் கையை வைத்து உட்கார்ந்துகொண்டாராம். சைக்கிள்கள் கடகடவென்று இறங்கும்போது மண் அதிர்வது கைக்குத் தெரிந்ததாம். எழுந்து வந்து பாதையோரம் நின்றாராம்.

நான் மேலேயிருந்து இறங்கும்போது அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது. என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டு கொழும்புப் பையன்கள் இறங்கினார்கள். அம்மா கையை நீட்டி அவர்களிடம் எதையோ சொன்னார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து ஒருவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பறந்தான். அடுத்தவன் சிரித்துக்கொண்டு போனான். அம்மா விடவில்லை, அடுத்த சைக்கிளுக்காகத் திரும்பினார். அது நான்.

பிரேக்கை இறுக்கினேன். அம்மாவின் முன்னால் வந்து நின்றேன். தலைக்கவசமும் சேறு அப்பிய கண்ணாடியுமாக இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஓர் ஆள், மற்றவர்கள் போலில்லாமல் நின்று கேட்கிறாரே என்று கும்பிடுவது போல இரண்டு கையையும் சேர்த்தார்.

"மெல்லப் போங்கய்யா" என்றார். "கீழ எம்புள்ள இருக்கா."

"சரிங்கம்மா" என்றேன். சைக்கிளை விட்டு இறங்கினேன்.